ஓட்டு கேட்டு வாங்க: செலினக்காவின் நினைவில்

செய்தி வந்தபோது நான் கோவை நீதிமன்ற வளாகத்தில் ஒரு தீர்ப்பு நகலுக்காக வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். அழைத்தவர் செலினக்காவின் கணவர் மரியதாஸ் அண்ணன். சோமனூரில் தறி ஓட்டுகிறவர். அவர் பேசும்போதெல்லாம் பின்னால் தறிச் சத்தம் கேட்கும். அன்று கேட்கவில்லை.

"அம்மணி, செலினு போயிட்டாளுங்க. காத்தால காப்பி குடுத்தேன், ஒரு வாய் குடிச்சா. அவ்வளவுதானுங்க. சர்ச்சுல சாமியாருக்குச் சொல்லிப்போட்டேன். நாளைக்கு மத்தியானம் எடுக்கறமுங்க. நீங்க வந்துருவீங்கல்ல?"

"வாரேனுங்கண்ணா" என்றேன். மீதமிருந்த வழக்குகளுக்கு வாய்தா வாங்கிவிட்டு, நகலையும் வாங்கிக்கொண்டுதான் வீட்டுக்குத் திரும்பினேன். துக்கச் செய்தி வந்தால் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு ஓடுகிற சுபாவம் எனக்கு இல்லை. செலினக்காவுக்கும் இருந்ததில்லை.

இறந்தவரைப் பற்றி எழுத உட்கார்ந்தால் எல்லோரையும் சிரித்த முகமும் தங்க மனசுமாக ஆக்கிவிடுவது நம் வழக்கம். செலின் மேரி அவர்கள் அப்படிப்பட்டவர் அல்லர். போஸ்டர் ஒட்டும் பசை கட்டி தட்டினால் திட்டுவார். கூட்டத்தில் யாராவது நீளமாகப் பேசினால் எழுந்து போய் டீ குடித்துவிட்டு வருவார். பாராட்டினால் சந்தேகப்படுவார். அவரை அறியாதவர்கள் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: எங்கள் வட்டாரத்தில் உள்ளாட்சித் தேர்தலை நடத்தச் சொல்லிச் சுவர்களில் ஒட்டப்பட்ட போஸ்டர்கள் பலவற்றை வரைந்தவர் அவர்தான். கையெழுத்துப் போடாததால் அவர் பெயர் வெளியே தெரியாது.

கருமத்தம்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வீதியில் பிறந்து, கல்யாணத்துக்குப் பிறகும் அங்கேயே இருந்தவர். அப்பா அந்தோணி தோட்ட வேலைக்குப் போனவர். அவருக்கு முந்திய தலைமுறைகளும் அதே வேலைதான். செலினக்கா பள்ளிப்படிப்பு முடித்ததும் திருப்பூரில் பனியனுக்குப் படம் அச்சடிக்கும் பட்டறையில் சேர்ந்தார். முதலில் காயப்போடும் வேலை. பிறகு அச்சடிக்கும் வலைச்சட்டமான ஸ்கிரீன் கட்டும் வேலை. கடைசியில் படம் வரைகிற வேலை. வெளிநாட்டுக் குழந்தைகளின் நெஞ்சில் ஏறப்போகிற கரடிகளையும் டைனோசர்களையும் வருடக்கணக்கில் வரைந்தார். "கரடியை நேர்ல பாத்ததே இல்லீங்க. ஆனா எங்கரடி ஊரெல்லாம் சுத்துது" என்பார். அவர் சொல்லிக் கேட்ட நகைச்சுவை அநேகமாக அது ஒன்றுதான்.

எனக்கு அவர் அறிமுகமானது எங்கள் இயக்கத்தின் தொடக்க நாட்களில். ஊராட்சிகளின் பதவிக்காலம் முடிந்திருந்தது. தேர்தல் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு ஊராட்சிக்கும் ஒரு தனி அலுவலர் வந்து உட்கார்ந்துவிட்டார். குழாயில் தண்ணீர் வராவிட்டால் யாரைப் போய்ப் பிடித்து உலுக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. கருமத்தம்பட்டியில் மளிகைக்கடை வைத்திருக்கும் நடராஜ் அண்ணன்தான் எங்கள் அமைப்பாளர். அவருடைய கடைக்கு மேல் இருந்த அறையில் கூடினோம். மனுக்கள் எழுதுவது என் பொறுப்பு. போஸ்டருக்கு ஆள் வேண்டும் என்றபோது யாரோ செலினக்காவை அழைத்து வந்தார்கள்.

வந்த அன்றே தகராறு. நடராஜ் அண்ணன் ஒரு வாசகம் தயாராக வைத்திருந்தார். 'நடத்து! நடத்து! தேர்தலை நடத்து!' கூடவே, தூங்கும் எருமை ஒன்றும், அதன்மேல் ஒரு கோட்டுப் போட்ட ஆளும். செலினக்கா காகிதத்தைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தார்.

"எருமையும் வேண்டாமுங்க, ஆளும் வேண்டாமுங்க. மூஞ்சி போட்டா சனம் மூஞ்சியைத்தான் பாக்கும். அப்புறம் இந்த 'நடத்து'ங்கறதும் வேண்டாமுங்க."

"ஏனுங்க, பின்ன என்ன போடறதுங்க?"

"ஓட்டு கேட்டு வாங்க. அவ்வளவு போதுமுங்க."

முகமில்லாத போஸ்டரைக் கோவைச் சாலைகளில் பார்ப்பது கடினம். பிறந்தநாள், காதுகுத்து, கட்சி மாநாடு, இரங்கல் எதுவானாலும் வட்டவட்டமாக முகங்கள்தான். அதைக்கூட ஒப்புக்கொண்டோம். அந்த வாசகம்தான் எங்களுக்குப் பிடிபடவில்லை. கோபப்பட்ட ஊர்கள் 'ஓட்டுக் கேட்டு யாரும் வர வேண்டாம்' என்று எல்லையில் பலகை வைத்து நாம் பார்த்திருக்கிறோம். இவர் தலைகீழாகச் சொல்கிறாரே என்று நடராஜ் அண்ணன் தலையைச் சொறிந்தார்.

நான் வேறு பக்கத்திலிருந்து எதிர்த்தேன். உரிமையைக் கேட்கிற இடத்தில் 'ங்க' எதற்கு? குடிமக்கள் ஏவ வேண்டும், கெஞ்சக் கூடாது. 'நடத்து' என்பதில் ஒரு நிமிர்வு இருக்கிறது, 'வாங்க' என்பது விருந்துக்குக் கூப்பிடுவதுபோல இருக்கிறது என்று வாதாடினேன். செலினக்கா என்னை முடிக்க விட்டார். அவர் அதற்குச் சொன்ன பதிலை முடிந்தவரை அவர் சொன்னபடியே தருகிறேன். பண்ணாடி என்பது தோட்டத்து முதலாளி.

"அம்மணி, உங்களுக்குப் பொறந்ததுல இருந்து எல்லாரும் 'ங்க' போட்டிருப்பாங்க. எங்கப்பனுக்குப் போட மாட்டாங்க. தோட்டத்துல பண்ணாடி பையன், நடக்கப் பழகுன வயசு, அவனுக்கு எங்கப்பன் 'வாங்க சாமி, போங்க சாமி'ம்பாரு. அந்தப் பையன் 'டேய் அந்தோணி'ம்பான். யாரும் தப்புன்னு நெனைக்கமாட்டாங்க, எங்கப்பனுஞ் சேத்தி. ஆனா ஓட்டு வந்துதுன்னா, பண்ணாடி எங்க வீதிக்கு வருவாருங்க. வாசப்படிகிட்ட நின்னு, கையைக் கும்பிட்டு, 'அந்தோணி, ஓட்டுப் போட்டுருங்க'ம்பாரு. எங்கப்பன் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிச்சுட்டு இருப்பாரு. எனக்கு 'ங்க' போட்டாருடீன்னு எங்கம்மாகிட்ட சொல்லுவாரு. ஓட்டு இல்லீன்னா எங்க வீதிக்கு யாருங்க வருவாங்க?"

எனக்கு அப்போதும் வாய் நிற்கவில்லை. "ஓட்டுக்காகச் சொல்ற 'ங்க' பொய்தானே அக்கா?" என்று கேட்டேன்.

"பொய்தானுங்க. பொய்யாவாச்சும் சொல்லோணுமில்லீங்க? இப்ப அதுவுமில்ல."

அந்தப் பதில் எனக்கு முழுமையாக ஒப்புதலானது என்று இன்றும் சொல்லமாட்டேன். பொய் மரியாதையை வைத்துக்கொண்டு ஒரு ஜனநாயகம் எத்தனை தூரம் போகும் என்று எனக்குத் தெரியாது. ஆனால் அவர் தேர்தலை எதற்காகக் கேட்கிறார் என்பது அன்று எங்கள் எல்லோருக்கும் விளங்கிவிட்டது. எங்களுக்குத் தண்ணீரும் தெருவிளக்கும் கிராம சபையும் வேண்டியிருந்தன. அவருக்கும் அவை வேண்டும்தான். அதற்கும் முன்னால், தன் வாசலுக்கு ஒருவர் வந்து நின்று கேட்க வேண்டும் என்பது வேண்டியிருந்தது.

முதல் போஸ்டரை வீட்டிலேயே அச்சடித்தார். மஞ்சள் பின்னணி. பாதி திறந்த கதவு, வாசலில் காலியாக ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. வாசகம் மூன்று வரிகளாக வந்தது. 'ஓட்டு' பெரிய கறுப்பு எழுத்தில். 'வாங்க' அதைவிடப் பெரிதாக. நடுவில் 'கேட்டு' மட்டும் சிறியதாக, ஆரஞ்சு நிறத்தில். கீழே வழக்கம்போல 'இவண்' என்று போட்டு, 'ஓட்டுள்ள ஊர்க்காரங்க' என்று எழுதியிருந்தார். மேசைமேல் விரித்து எல்லோரும் பார்த்தோம். கண்ணுக்கு லட்சணமாக இருந்தது. ஒட்டுவதைப் பகலில்தான் ஒட்ட வேண்டும் என்றார். "திருடனாட்ட எதுக்குங்க ஒட்டோணும்?" அவிநாசி சாலை நெடுக, வெயிலில், அவரும் வாளியைத் தூக்கிக்கொண்டு எங்களோடு வந்தார்.

மஞ்சள்மேல் ஆரஞ்சு கிட்டத்தில் தெரியும், தூரத்தில் தெரியாது. ஓடுகிற பஸ்ஸிலிருந்து பார்த்தவர்களுக்கு நடுவரி காணாமலே போய்விட்டது. அவர்கள் படித்தது 'ஓட்டு வாங்க'. வீட்டுக்கு வரச் சொல்லும் எங்கள் 'வாங்க', ஒரே நாளில் கடையில் சாமான் வாங்கும் 'வாங்க'வாக மாறிவிட்டது.

மறுநாள் நடராஜ் அண்ணன் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். கணியூர்ப் பக்கமாம். அரிசி வாங்கிவிட்டு, குரலைத் தாழ்த்தி, "ஏனுங்க, இங்க ஓட்டு வாங்கறாங்களாமே. எங்க ஊட்ல அஞ்சாறு ஓட்டு இருக்குதுங்க. யாரைப் பாக்கோணுமுங்க?" என்று கேட்டார்கள். நடராஜ் அண்ணன் அவர்களுக்கு விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் அடுத்த ஆள் வந்துவிட்டார். அண்ணனுக்கு இப்போதும் அந்தப் பேச்சை எடுத்தால் ரத்த அழுத்தம் ஏறும்.

காவல் நிலையத்துக்குப் புகார் போனது. கொடுத்தவர் கார்த்திகேயன். தறிப்பட்டறைகளும் தோட்டமும் உள்ளவர். செலினக்காவின் அப்பா வேலை பார்த்த தோட்டம் அவர்கள் குடும்பத்துடையதுதான். 'டேய் அந்தோணி' என்று கூப்பிட்ட அந்தச் சின்னப் பையன் இவரேதான். அவருடைய பட்டறைச் சுற்றுச்சுவரிலும் ஒரு போஸ்டர் ஒட்டப்பட்டிருந்தது. பணம் கொடுத்து ஓட்டு வாங்கப்போவதாகச் சுவரில் விளம்பரம் செய்கிறார்கள் என்பது புகார். செலினக்காவோடு நானும் போனேன். போகிற வழியில் எந்தப் பிரிவைச் சொல்லி வாதாடலாம் என்று மனதுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டேன். அது தேவைப்படவில்லை.

உதவி ஆய்வாளர் போஸ்டரைக் காட்டி, "தேர்தலே அறிவிக்கலை, அதுக்குள்ள ஓட்டு வாங்கறீங்களாம்மா?" என்றார்.

"தேர்தலே இல்லைன்னு நீங்களே சொல்லிட்டீங்க சார். அதைத்தானுங்க நாங்களும் செவுத்துல ஒட்டியிருக்கறோம்."

அவர் போஸ்டரை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார். அப்போதுதான் 'கேட்டு' அவர் கண்ணில் பட்டது. கார்த்திகேயன் சுவரில் இருப்பதை மட்டும் கிழித்துவிடும்படியும், மற்றவற்றைச் சரிசெய்யும்படியும் சொல்லி அனுப்பினார்.

வெளியே வந்ததும் நான் சிரித்துவிட்டேன். செலினக்கா சிரிக்கவில்லை. ஒரு டப்பா கறுப்புப் பெயிண்டும் தட்டையான பிரஷ்ஷும் வாங்கிக்கொண்டு, ஒட்டிய போஸ்டர் ஒவ்வொன்றாகப் போய், ஆரஞ்சு எழுத்தின்மேல் 'கேட்டு' என்று கையால் எழுதினார். மேலும் கீழும் இருந்த வரிகள்மேல் இடித்துக்கொண்டு, படத்தின் அழகையெல்லாம் கெடுத்துக்கொண்டு, அந்த ஒரு சொல் கொட்டை கொட்டையாக நின்றது. டீக்கடையில் பிரஷ்ஷைக் கழுவும்போது என்னிடம் சொன்னார்: "கேக்கறதுதானுங்க அம்மணி பெருசா இருந்திருக்கோணும். 'வாங்க'வையே நெனைச்சுட்டு இருந்ததுல அதைச் சின்னதாப் போட்டுப்போட்டேன். வர்றது முக்கியமில்லீங்க. வந்து கேக்கோணும்."

கோணல்மாணலான அந்தக் கையெழுத்தோடு போஸ்டர் எங்கெங்கோ போனது. யார்யாரோ படமெடுத்து அனுப்பினார்கள். பவானியிலிருந்தும் பல்லடத்திலிருந்தும் ஆட்கள் வந்து ஸ்கிரீனைக் கேட்டார்கள். செலினக்கா கொடுத்தார். பெயர் போட வேண்டாம் என்று மட்டும் சொன்னார்.

அதன் பிறகு எந்தப் போஸ்டர் ஆனாலும் ஒன்றை மட்டும் சாலையோரச் சுவரில் ஒட்டிவிட்டு, டவுன் பஸ் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து அதைக் கடந்து போவார். அடுத்த நிறுத்தத்தில் இறங்கி நடந்து வருவார். "படிக்க முடிஞ்சுதுங்க" என்றால் அச்சடிக்கலாம். "படிக்க முடியலீங்க" என்றால் திரும்ப வரைய வேண்டும். கிராம சபைக்காக அவர் வரைந்த போஸ்டரில் ஒரு பவானி ஜமக்காளம் மட்டுமே உண்டு. விரித்துக் கிடக்கும், மேலே ஆளில்லை. 'உக்காந்து பேசலாம்' என்று ஒரு வரி. அதற்காகச் சர்ச்சில் இருந்த ஜமக்காளத்தைக் கேட்டு வாங்கிவந்து, வீட்டு வாசலில் விரித்து, பட்டை பட்டையாகப் பார்த்து வரைந்தார். அச்சில் சிவப்பும் பச்சையும் விலகிப்போய்ச் சுமாராகத்தான் வந்தது. அவருக்கு அதில் திருப்தி இல்லை, எனக்கும் இல்லை. ஆனால் பஸ்ஸிலிருந்து படிக்க முடிந்தது.

எங்கள் போஸ்டரால்தான் தேர்தல் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். நீதிமன்றத்தில் வழக்குகள் இருந்தன, வேறு பல ஊர்களிலும் பலர் உழைத்தார்கள், காரணங்கள் ஒன்றல்ல. எப்படியோ ஒருநாள் தேர்தல் அறிவிப்பு வந்துவிட்டது. நடராஜ் அண்ணன் கடையில் எல்லோருக்கும் இனிப்புக் கொடுத்தார். செலினக்கா அப்போது கோவையில் ஒரு மருத்துவமனையில் இருந்தார். கர்ப்பப்பையில் புற்று. தெரியவந்தபோதே பரவியிருந்தது.

நான் பார்க்கப் போனபோது மிகவும் இளைத்திருந்தார். உடம்பைப் பற்றி விசாரித்தேன். கையை அசைத்து அந்தப் பேச்சை ஒதுக்கிவிட்டார்.

"நம்ம வீதிக்கு யாராச்சும் வந்தாங்களாங்க?"

"இன்னும் இல்லீங்கக்கா. இப்பத்தான் வேட்புமனு முடிஞ்சிருக்கு. கார்த்திகேயன் தலைவருக்கு நிக்கறார்."

"அவனா?" என்றார். பிறகு திருத்திக்கொண்டார். "அவருங்களா?"

வீட்டுக்கு அனுப்பிவிடும்படி அன்றே மருத்துவரிடம் கேட்கத் தொடங்கிவிட்டார். மரியதாஸ் அண்ணன் கெஞ்சிப் பார்த்தார். நானும் சொல்லிப் பார்த்தேன். "ஊட்ல ஆளில்லைன்னா தாண்டிப் போயிருவாங்க அம்மணி. நான் இருக்கோணும்" என்றார். ஒரு மனிதர் சாகக் கிடக்கும்போது இப்படியும் ஒரு காரணம் சொல்வாரா என்று எனக்கு எரிச்சலாகக்கூட இருந்தது. மருத்துவர், இனி இங்கே செய்ய அதிகம் இல்லை என்று தனியாக அழைத்துச் சொன்ன பிறகு அழைத்துப் போனார்கள். கட்டிலை வாசல் தெரிகிற மாதிரி போடச் சொன்னாராம். வேட்பாளர்கள் பெரிய வீதிகளை முடித்துவிட்டுத்தான் இந்த மாதிரி வீதிகளுக்கு வருவார்கள். யாரும் வருவதற்குள் அவர் போய்விட்டார்.

அடக்கத்தன்று காலையிலேயே நான் போய்விட்டேன். வாசலில் பந்தல் போட்டுக் குளிர்பெட்டியில் வைத்திருந்தார்கள். ஜெபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். நண்பகலுக்குச் சற்று முன்னால் வீதிமுனையில் ஒலிபெருக்கி கட்டிய ஆட்டோ ஒன்றின் சத்தம் கேட்டது, திடீரென்று நின்றுவிட்டது. கார்த்திகேயன் நான்கைந்து பேரோடு நடந்து வந்தார். கையில் ரோஜா மாலை. எங்கிருந்து அவ்வளவு சீக்கிரம் வாங்கினாரோ. மாலையைப் பெட்டிமேல் வைத்தார், கும்பிட்டார், மரியதாஸ் அண்ணனின் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். முறையாகத்தான் நடந்துகொண்டார். திரும்பிப் புறப்பட்டார்.

"ஏனுங்க, கொஞ்சம் நில்லுங்க" என்றார் மரியதாஸ் அண்ணன். சத்தமாகப் பேசத் தெரியாத மனிதர் அவர். "ஓட்டுக் கேக்கத்தானுங்க எங்க வீதிக்கு வந்தீங்க?"

"இல்லீங்ண்ணா, இந்த நேரத்துல அதெல்லாம்..."

"பரவால்லீங்க. அவகிட்டயுங் கேட்டுட்டுப் போங்க. அதுக்குத்தானுங்க ஆஸ்பத்திரியில இருந்து வந்தா."

ஜெபம் நின்றுவிட்டது. கார்த்திகேயனோடு வந்தவர்களில் ஒருவர் அவர் தோளைத் தொட்டு, போகலாம் என்பதுபோல இழுத்தார். அவர் போய்விடுவார் என்றுதான் நானும் நினைத்தேன். அவர் முகம் சிவந்திருந்தது. கோபமா, கூச்சமா, சுற்றியிருக்கிற ஓட்டுகளின் கணக்கா, எனக்குத் தெரியாது. தெரியாததைத் தெரிந்ததாக எழுதக் கூடாது.

அவர் திரும்பி வந்தார். செருப்பைக் கழற்றினார். பெட்டியின் தலைமாட்டில் நின்று கைகளைச் சேர்த்தார்.

"செலினம்மா, தலைவருக்கு நிக்கறேனுங்க. உங்க ஓட்டை எனக்குப் போடுங்கம்மா."

மரியதாஸ் அண்ணன் பெட்டியைப் பார்த்தார். பிறகு, "சரிங்க. கேட்டுக்கிட்டாங்க" என்றார்.

சாவு வீடுகளில் நான் அழுகிற ஆள் இல்லை. அன்று அழுதேன். பக்கத்தில் நின்ற நடராஜ் அண்ணன் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். கார்த்திகேயன் போட்ட 'ங்க' மெய்யா பொய்யா என்று யோசிக்க அந்த நிமிடத்தில் எனக்குத் தோன்றவில்லை.

கல்லறைத் தோட்டத்தில் எல்லோரோடும் சேர்ந்து நானும் ஒரு பிடி மண் போட்டேன். உங்கள் வாசலுக்கு வந்து, உங்களிடமே கேட்டுவிட்டார்கள், செலினக்கா. இனி இளைப்பாறுங்க.